தலைமறைவில் நட்ட தெற்றி

போன மாதம் என் பேத்தி ஒரு செடி வாங்கி வந்தாள். கறுப்பு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் செம்மண், அதில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு குச்சி, குச்சியில் ஏழெட்டு இலைகள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் போகிற பிள்ளை மாதிரி கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. நம் மண்ணுக்கே உரியது, வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும், வெயிலுக்கும் மழைக்கும் அசராது, பறவையும் வண்ணத்துப்பூச்சியும் தேடி வரும் என்றெல்லாம் அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இவ்வளவு நற்குணங்களை ஒரே ஆளிடம் எதிர்பார்க்கமாட்டார்கள்.

"பாட்டா, இது எப்பிடி நடணும்னு நான் காட்டித் தாறேன். பையை மெதுவா கிழிக்கணும். வேரு அசையப்பிடாது, கேட்டியளா?"

கேட்டேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, குனிந்து, முதல் தடவையாகப் பார்க்கிறவனைப் போலத் தலையாட்டினேன். அது தெற்றி. உங்கள் ஊரில் இட்லிப்பூ என்பீர்கள். என் இருபத்திரண்டாம் வயதில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் அதை மட்டுமே நட்டுக்கொண்டிருந்தேன், போலீஸ் தேடுகிற ஆளாக. தேடுவதாக நான் நம்பிக்கொண்டிருந்த ஆளாக என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஈரச் செம்மண் வாசனை சிலருக்கு முதல் மழையை ஞாபகப்படுத்தும், சிலருக்கு முதல் காதலை. எனக்கு இடது காது அரிக்கிறது. அது ஏன் என்று சொல்வதற்குள் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு குன்னத்துகாலுக்குக் கொஞ்சம் கிழக்கே. கோயிலில் தமிழில் ஜெபிப்போம், சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசுவோம், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து திட்டுவோம். ராஜ்ஜியங்களை மொழிப்படி பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், நாங்கள் தமிழ்ப் பக்கம்தான் சேரவேண்டும் என்று ஊரில் பாதிப்பேர் கிளம்பிவிட்டோம். மீதிப் பாதி, வயலில் வேலை இருந்ததால் கிளம்பவில்லை. நான் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்குத் தற்காலிக வாத்தியார். சம்பளமும் தற்காலிகம், மீசையும் தற்காலிகம். தமிழ்ப்பற்று மட்டும் நிரந்தரம்.

போராட்டத்தில் என்னுடைய பங்கு என்ன என்று கேட்பீர்கள். சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறேன். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுவேன் என்பதால் அந்த வேலை எனக்கு. அப்புறம் ஒரே ஒரு மேடைப்பேச்சு. பேசவேண்டிய தலைவர் வர நேரமாகிவிட்டது. கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க என் சிநேகிதன் யேசுவடியான் என்னைச் சாயாக்கடை பெஞ்சில் ஏற்றிவிட்டான். யேசுவடியான் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தான். எங்கள் பக்கத்தில் ஊர்வலமோ கூட்டமோ எதுவானாலும் அவன் தோளில்தான் நடக்கும். அதிகம் பேசமாட்டான், அதனாலேயே அவனை எல்லோரும் நம்பினார்கள். என்னை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை, ஆனால் சத்தம் பெரிசு.

தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்திலிருந்த செடியில் தொங்கவிட்டுவிட்டு முழங்கினேன். "தமிழர்களே! நம் முன்னோர் வெட்சிப்பூ சூடிப் போருக்குப் போனார்கள். நாமும் வெட்சி சூடிப் புறப்படுவோம்!"

முன்வரிசையில் குந்தியிருந்த ஒருவர் கேட்டார். "வெட்சின்னா என்னவாக்கும் சாரே?"

"அது ஒரு வீரப் பூ."

"நம்ம பக்கம் உண்டா?"

"அந்தக் காலத்தில் இருந்தது" என்றேன், கொஞ்சம் துக்கத்தோடு.

தலைவர் வந்துவிட்டார். நான் இறங்கிவிட்டேன். அவ்வளவுதான் என் அரசியல் வாழ்க்கை. ஆனால் அந்தப் பெஞ்சிலிருந்து இறங்கியபோது, அரசாங்கம் இனி நிம்மதியாகத் தூங்காது என்று நான் மனதார நம்பினேன்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு களங்கம் இருந்தது. என் அக்கா நேசத்தின் புருஷன் போலீஸ். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டு. முறைப்படி அத்தான் என்று கூப்பிட வேண்டும். ஊரில் எல்லோரும் ஏட்டு என்றதால், நான் இரண்டையும் சேர்த்து ஏட்டத்தான் என்பேன். வீட்டில் தமிழ் பேசுகிற, தமிழில் பைபிள் வாசிக்கிற மனுஷன், எங்களைக் கலைக்க லத்தி பிடிக்கிறார் என்பது எங்கள் பையன்களுக்குப் பெரிய வயிற்றெரிச்சல். அவர் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று நான் சபதமே எடுத்திருந்தேன். அந்தச் சபதத்தோடுதான் கிறிஸ்மஸுக்கு அக்காவைப் பார்க்கக் காஞ்சிரங்குளத்துக்குப் போனேன். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே பேசினேன். வெயில். அக்கா மோர் கொண்டு வந்து நீட்டினாள், மறுத்தேன். பிறகு தாகம் தாங்காமல், அவளுக்கென்று வாங்கிப் போன ஆரஞ்சில் இரண்டை உரித்துத் தின்றுவிட்டு மீதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். கொள்கை முக்கியம்.

அடுத்த ஆடி ஆவணியில் நிலைமை முற்றிவிட்டது. கிழக்கே, விளவங்கோடு பக்கம், கூட்டத்தின்மேல் போலீஸ் துப்பாக்கியால் வெடிவைத்தது, ஆட்கள் செத்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளின் அமைதியை என்னால் கேலியாகச் சொல்ல முடியாது. சாயாக்கடையில் தம்ளர் கழுவுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மறுநாள் ஊர்வலம் போவோம் என்று யேசுவடியான் சொன்னான். நானும் வருவேன் என்றேன்.

அன்று சாயங்காலம் ஏட்டத்தான் கைலிச் சாரமும் சட்டையுமாக, சைக்கிளில், வேர்த்து விறுவிறுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எலே, கிளம்பு. உன்னைத் தேடுகினும். நாளைக்கு வெளுக்கும்போ ஆளு வரும்."

அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பாதி பயம் என்று ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி என்ன என்று அப்போது தெரியவில்லை; இப்போது தெரியும், அது சந்தோஷம். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள்! ஒரு பேச்சுதான், ஆனாலும் உறைத்துவிட்டது! துணிப்பையில் ஒரு இலக்கணப் புத்தகமும் சீப்பும் எடுத்து வைத்துக்கொண்டேன். தலைமறைவாகப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? புதிதாக வாங்கிய தோல் செருப்பையும் மாட்டிக்கொண்டேன். யேசுவடியானிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றதற்கு, "சொன்னா அவனுக்கும் கேடு" என்று ஏட்டத்தான் என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றினார். தேடப்படுகிறவன் போலீஸ்காரன் முதுகைப் பிடித்துக்கொண்டு போனான். தலையில் அம்மாவின் சேலையொன்றைப் போர்த்தியிருந்தார்கள். எதிரே வந்த ஒருவர், "ஏட்டே, ஆசுபத்திரிக்கா?" என்று கேட்டார். "ஓ, வயித்துவலி" என்றார் ஏட்டத்தான்.

போலீஸ்காரன் வீட்டில் போலீஸ் தேடாது என்பது அக்காவின் யோசனையாம். நல்ல யோசனை என்று பாராட்டி, அன்றைக்கு அவள் வைத்த சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தண்ணீரும் குடித்தேன். சபதத்தைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏட்டத்தான் கொஞ்சகாலம் கள்ளிக்காட்டுப் பக்கம், மலையடிவாரத்தில் வேலை பார்த்தவர். அங்கே என்ன நடந்ததோ, திரும்பி வந்தபோது ஒரு கிறுக்கோடு வந்தார். தன் புரையிடத்தில், வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில், எதையும் யாரும் கல்லால் எறியக்கூடாது, எதையும் கொல்லக்கூடாது. சுற்றிலும் மதில் கட்டமாட்டார், தெற்றிதான் வேலி. ஆள் உயரத்துக்கு அடர்ந்து, உள்ளே ஒரு ஆள் குந்தினால் வெளியே தெரியாது. பூ இருக்கிற மட்டும் தேன்சிட்டு. பூ உதிர்ந்து பழம் சிவந்து கறுத்தால் கொண்டைக்குருவிக் கூட்டம். அடியில் கீரியும் செம்போத்தும். இன்னும் அடியில் சாரை. அக்காவுக்கு இதில் ஒன்றும் பெருமை இல்லை.

"நேத்து கோழிக்குஞ்சை கீரி கொண்டுபோச்சு. இவரு அதுக்குப் பேரு வைக்கியாரு."

ஏன் அத்தான் இந்தப் பைத்தியம் என்று ஒரு நாள் நானே கேட்டேன். வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே சொன்னார். "போலீசுகாரன் வீட்டுக்கு மனுஷன் வரமாட்டான். பட்சியாவது வரட்டும்." வாசலுக்கு வெளியே நின்று ஆரஞ்சு தின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

வந்த மறுநாளே என் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார். சும்மா இருந்தால் அக்கம்பக்கம் சந்தேகப்படுமாம். தோட்டப் பணிக்கு ஆள் நிற்கிறான் என்றிருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்களாம். பழைய சாரம், தலையில் தோர்த்துத் துண்டு. தெற்கு எல்லையில் வேலி இல்லாமல் கிடந்தது. அங்கே நான் தெற்றி நடவேண்டும். முற்றவும் முற்றாத, இளசும் இல்லாத கம்பாகப் பார்த்து, பென்சில் கனத்தில் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் பாத்தி கட்டி, கொஞ்சம் சாய்வாக ஊன்ற வேண்டும். மழைக்காலம்தான் அதற்குத் தோது. வேர் பிடித்ததும் எடுத்துத் தெற்கே மாற்ற வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு பாத்தி நிறைய ஊன்றிவிட்டுத் துளிருக்காகக் காத்திருந்தேன். எல்லாம் கறுத்துக் காய்ந்தன. ஏட்டத்தான் ஒன்றைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாரே, பள்ளிக்கூடத்தில பிள்ளையளையும் இப்பிடித்தான் நிறுத்துவியளோ?"

"ஏன் அத்தான்?"

"தலைகீழாக்கும் நட்டிருக்கிய."

அன்றிலிருந்து அவர் என்னைச் சாரே என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டாவது பாத்தி நேராக ஊன்றினேன், பிடித்தது. தளிர் வந்தது. நட முடிந்த இடத்திலெல்லாம் நட்டேன். அந்தப் பெருமை தாங்காமல், புதுவேலியின் ஓரத்தில் கற்களை வரிசையாக அடுக்கி, சுண்ணாம்பு கரைத்து வெள்ளையடித்தேன். எனக்குப் பழக்கப்பட்ட பொருள் அல்லவா? மீந்ததை வேரடியிலேயே ஊற்றினேன், பூச்சி வராதென்று. கொஞ்சநாளில் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக வெளுத்தன. வெயிலுக்கும் மழைக்கும் அசராத செடி என்று பேத்தியின் அட்டையில் போட்டிருந்தது உண்மைதான். என்னைப் பற்றி அட்டை எழுதினவருக்குத் தெரியாது. தெற்றிக்குப் புளிப்பான செம்மண்தான் வேண்டும், சுண்ணாம்பு ஆகாது. ஏட்டத்தானுக்கும் அது தெரியாது. மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்து ஊற்றினார். அக்காதான் துடைப்பக்கட்டையோடு வந்து நின்று, "ரெண்டு பேரும் அந்தக் கல்லை எடுத்துத் தூர எறியுங்க" என்றாள்.

அப்புறம் அந்தக் காது.

ஒரு பிற்பகல் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஏட்டத்தானுடைய இன்ஸ்பெக்டர். நான் ஒரே தாவலில் தெற்றிக்குள் புகுந்துவிட்டேன். உள்ளே முசுறு எறும்புகள் இலைகளை ஒட்டித் தைத்துக் கூடு கட்டியிருந்தன. அந்தக் கூட்டில் என் தலை இருந்தது. முசுறு கடித்திருக்கிறதா உங்களை? கடித்துவிட்டு விடாது, கடித்த இடத்தில் புளித்தண்ணீரையும் விடும். காதுக்குள் ஒன்று போயிற்று. வாயில் தோர்த்தை அடைத்துக்கொண்டேன். இந்தியாவின் விடுதலைக்காகக்கூட இதைவிடக் கடுமையான சித்திரவதையை யாரும் தாங்கியிருக்கமாட்டார்கள் என்று அந்த நிலையிலும் ஒரு வாக்கியம் மனதில் ஓடிற்று.

வேலி ஆடியதை இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். "எந்தோ அனங்ஙுந்நல்லோ ஏட்டே?" ஏதோ அசைகிறதே என்றார்.

"கீரியா சாறே" என்றார் ஏட்டத்தான்.

பூட்ஸ் சத்தம் வேலியை நெருங்கி நின்றது. பிறகு இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார். "கீரிக்குச் செருப்புண்டோ?"

என் தோல் செருப்பு இரண்டும் வேலிக்கு வெளியே, கோயில் வாசலில் விட்டதுபோல ஜோடியாகக் கிடந்தன.

"ஓ, அது தோட்டப் பணிக்காரனாக்கும் சாறே. எறும்புக் கூடு எடுக்க உள்ள கேறியிருக்கான். எலே, எடுத்தாச்சா?"

வேறு வழியில்லை. கூட்டை இரண்டு கையாலும் பிய்த்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முகம் வீங்கி, எறும்பு வழிய, கண்ணீரோடு நின்ற என்னை இன்ஸ்பெக்டர் மேலும் கீழும் பார்த்தார். "நல்ல பணிக்காரன்" என்று மலையாளத்தில் பாராட்டினார். என்னை அடையாளம் தெரியவில்லை. நம் வேஷம் அவ்வளவு பிரமாதம் என்று அன்று ராத்திரி காதில் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டு மகிழ்ந்தேன்.

ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஏட்டத்தான் எங்கோ ஊர்வலத்தைத் தடுக்கிற வேலைக்குப் போய்விட்டுத் திரும்பினார். சாப்பிடவில்லை. உடுப்பை மாற்றிவிட்டு, மழையில், மண்வெட்டியை எடுத்துத் தெற்கு மூலையில் குழி வெட்ட ஆரம்பித்தார். அங்கே குழி தேவையே இல்லை. தமிழினத் துரோகம் என்ற தலைப்பில் நான் அவருக்காக நாட்கணக்கில் தயாரித்து வைத்திருந்த ஒரு பேச்சு இருந்தது. இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் நிமிராமல் சொன்னார். "அடிக்கும்போ ஒருத்தன் என்னைப் பாத்து அண்ணான்னு விளிச்சான்."

மழை பெய்துகொண்டிருந்தது. நான் இன்னொரு மண்வெட்டியை எடுத்து வந்து பக்கத்திலேயே வெட்டினேன். அந்தப் பேச்சு அப்புறம் எனக்கு மறந்துபோய்விட்டது.

அந்த நாட்களில்தான், பொழுது போகாமல் இலக்கணப் புத்தகத்தின் பின்பக்கத்து அருஞ்சொல் விளக்கத்தைப் புரட்டினேன். வெட்சி: தெற்றி என்று ஒரே வரி போட்டிருந்தது. வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிலும் வீரப் பூ. சாயாக்கடைக்குப் பக்கத்தில் நான் துண்டைத் தொங்கவிட்ட செடியும் அதுதான். முன்வரிசைக்காரர் கேட்டபோது கையை நீட்டியிருந்தால் பறித்தே கொடுத்திருக்கலாம்.

என் தலைமறைவு வாழ்க்கையை முடித்துவைத்தவள் கிளாரம்மை. கடற்கரையிலிருந்து மீன்கூடை சுமந்து வருகிறவள். புறவாசலில் கூடையை இறக்கிவிட்டு, தெற்றிப்பழத்தை நாலு பறித்து வாயில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"எலே மோனே, நீ இவருக்க மச்சினன் அல்லியோ? இஞ்ச என்ன செய்யிய?"

குரலைத் தாழ்த்தி, போலீஸ் என்னைத் தேடுவதாகச் சொன்னேன். அவள் வாயிலிருந்த கொட்டையைத் துப்பினாள்.

"ஸ்டேஷன்ல நானாக்கும் மீனு குடுக்கியது. ஆரைப் பிடிக்கப் போறானுவ, ஆரை விட்டானுவ, எல்லாம் அடுக்களை வாசல்ல கேட்டுட்டுத்தான் வருவேன். உனக்க பேரை ஒருத்தனும் சொல்லிக் கேக்கல்லியே."

"நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

"யோசிச்சாச்சு. இல்ல."

நிம்மதி வரவேண்டும், இல்லையா? எனக்கு வந்தது அவமானம். இத்தனை நாள், இத்தனை எறும்பு, ஒரு மனுஷன்கூடவா என் பெயரைச் சொல்லவில்லை? மண் ஒட்டிய காலோடு, தோர்த்தோடு, நேராக ஸ்டேஷனுக்கு நடந்தேன். படியேறி, மேஜைக்குப் பின்னால் இருந்த இன்ஸ்பெக்டர் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"என்னை அரெஸ்ட் செய்யணும்."

"எந்தினு?" எதற்கு என்றார்.

"குன்னத்துகால் சந்தையில் கூட்டம் போட்டுப் பேசினது நான்தான்."

பக்கத்தில் நின்ற ஏட்டத்தான் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் என்னைக் கூர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏட்டே, இது நம்முடெ கீரியல்லே?"

"ஆமா சாறே. வெயிலு கொண்டா இவனுக்குத் தலை கொஞ்சம்..." என்று ஏட்டத்தான் விரலைச் சுழற்றிக் காட்டினார்.

"சாரமில்ல" என்றார் இன்ஸ்பெக்டர், பரவாயில்லை என்று. அவருக்கு என்னிடம் ஒரு காரியம் இருந்தது. குவார்ட்டர்ஸைச் சுற்றிலும் வேலி இல்லாமல் பசு வந்து மேய்கிறதாம். ஏட்டு வீட்டுத் தெற்றியை அன்றைக்கே பார்த்து ஆசைப்பட்டுவிட்டாராம். நாளைக்கே கம்புக்கட்டோடு வரவேண்டும்.

தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் கம்பிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. யேசுவடியான். இடது கை துணிக்கட்டில் தொங்கியது, கண்ணுக்கு மேலே ஒரு பிளவு. நான் வந்த மறுநாள் ஊர்வலத்தில் அவன் தப்பிவிட்டானாம். அப்புறம் ஒன்றில் அகப்பட்டான்.

"எலே மக்கா, நீ செத்துப் போனியோன்னு நெனச்சேனே. எங்கலே இருந்த?"

"தெற்றி நடுகேன்" என்றேன். பொய் எதுவும் வாயில் வரவில்லை.

அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் வலித்தது, வலித்தாலும் சிரித்தான். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "உனக்க அக்காளுக்க மீன்கறி நல்ல ருசி, கொள்ளாம் கேட்டியா. ஏட்டு தினமும் கொண்டு தாறாரு" என்றான். அவன் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தேன். அண்ணா என்று விளித்தவன் இவன்தானா என்று நான் கேட்கவில்லை. அவர்களும் கடைசிவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் போனேன். அவள் அம்மியில் இருந்தாள்.

"அக்கா, என்னைத் தேடுனது யாரு?"

அவள் அரைப்பதை நிறுத்தவில்லை. "நானாக்கும் தேடினேன்."

"அக்கா..."

"வெடிவச்ச அன்னைக்கு இவரு வந்து சொன்னாரு, நாளைக்கும் வைப்பினும்னு. நீ பெஞ்சில ஏறி நிக்கிற ஆளு. உசரத்தில நிக்கிறவனுக்குத்தான முதல்ல கொள்ளும்? வான்னு விளிச்சா நீ வருவியா? பச்சை வெள்ளம்கூட குடிக்கமாட்டிய." அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் மிளகாய் என்றாள். "தேடுகினும்னு சொன்ன உடனே என்னா சந்தோசம் உனக்கு. இவரு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

மறுநாள் இன்ஸ்பெக்டரின் குவார்ட்டர்ஸுக்குக் கம்புக்கட்டோடு போனேன். எங்கள் போராட்டத்தில் அடிபட்டவர்கள் உண்டு, சிறையிருந்தவர்கள் உண்டு, உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. எதிரியின் வேலியை நட்டுக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். நேராக நட்டேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

யேசுவடியானை விட்டபிறகு அவன் காஞ்சிரங்குளம் வந்தான், அக்காவுக்கு நன்றி சொல்ல என்று. ஏட்டத்தான் அவனைக் கண்டதும் புறவாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவன் காப்பி குடித்துவிட்டு அவனாகவே அங்கே போனான். நான் சன்னலிலிருந்து பார்த்தேன். இருவரும் பாத்திக்கு இரண்டு பக்கமும் குந்தியிருந்தார்கள். அவனுக்கு இடது கை மடங்காது. அவர் கம்பை வெட்டிக் கொடுக்க, அவன் வலது கையால் ஊன்றினான். போகும்போது ஒரு கட்டுக் கம்பு கொண்டுபோனான்.

எல்லை எப்படி விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கிழக்கே நாலு தாலூக்கா தமிழ்ப் பக்கம் போயிற்று. நாங்கள் மலையாளப் பக்கமே நின்றுவிட்டோம். யேசுவடியான் கடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். ஒரு கூப்பிடு தூரம்தான், ஆனாலும் போனான். நான் நிரந்தர வாத்தியார் ஆனேன். எங்கள் தமிழ்ப் பிரிவில் முதலில் பெஞ்சுகள் காலியாயின, பிறகு வகுப்புகள். ஒரு ஜூன் மாதம் சேர்க்கைக்கு யாரும் வரவில்லை. அந்த அறையில் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. சாயாக்கடை முக்கில் செடியும் இல்லை, முக்கும் இல்லை, ரோடு நேராகிவிட்டது. கிளாரம்மையின் பிள்ளைகள் வளைகுடாவில். மீன் பைக்கில் வருகிறது, வருகிறவன் எந்தச் செய்தியும் சொல்வதில்லை.

அக்கா முதலில் போனாள், ஏட்டத்தான் பிறகு. அவர் அடக்கத்துக்குக் கோயில் நிறைய ஆள். யேசுவடியான் ஒற்றைக் கையால் பெட்டி பிடித்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காஞ்சிரங்குளத்து வீட்டை அக்காவின் மகன், என் மருமகன், விற்றான். வாங்கினவர் நல்ல மனுஷர். கையெழுத்துக்குப் போன அன்று எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். ஜே.சி.பி. ஒரே காலையில் நாலு பக்க வேலியையும் வழித்து எடுத்துவிட்டது. ஒரு வாரத்தில் சிமெண்டு மதில் எழுந்தது. பத்திரத்தில் ஏதோ ஒரு வேலை மிச்சமிருந்ததால் நான் மறுபடி அங்கே போனேன்.

மதிலுக்கு வெளியே, ரோட்டோரத்தில், ஒரு செம்போத்து. சிவந்த கண், செங்கல் நிற இறகு. அது அதிகம் பறக்காத பறவை. செடிக்கடியில் நடந்து நடந்தே பிழைக்கிறது. மதிலின் அடியோடு தலையைத் தாழ்த்திக்கொண்டு அந்த மூலை மட்டும் நடந்தது. திரும்பி இந்த மூலை மட்டும் வந்தது. ஒரு லாரி போயிற்று, ஒதுங்கி நின்றது. பிறகு மறுபடி நடந்தது, உள்ளே போகிற வழி இங்கேதான் எங்கோ இருந்தது என்பதுபோல.

"வாங்க மாமா, வெயில்ல என்ன நிக்கிறிய?" என்று மருமகன் காரிலிருந்து கூப்பிட்டான்.

"வாறேன்" என்றேன். அது திரும்பி வருகிறவரை நின்றேன்.